சாவித் துளை இல்லாத வண்டி

ஏலத்தில் எடுத்த அன்று
சாவி எங்கே என்று கேட்டேன்.
குமாஸ்தா காகிதத்திலிருந்து தலை தூக்கவில்லை.
"பட்டாளத்து லாரிக்குச் சாவியே கிடையாதும்மா.
குண்டு விழுகிற நேரத்தில்
யார் எந்தப் பையில் தேடுவது?"

ஒரு நெம்பு, ஒரு பொத்தான். அவ்வளவுதான்.
விசிலடித்துக்கொண்டு எழுந்து நிற்கும்
பத்து டயரும் இரண்டரை டன் வீம்பும்.
டீசல் குடிக்கும், மண்ணெண்ணெய் குடிக்கும்,
டிராக்டரில் வடித்த கறுப்பு எண்ணெயையும்
முகம் சுளிக்காமல் குடிக்கும்.
கதவைச் சுரண்டினால் பச்சை,
பச்சைக்குக் கீழே மணல் நிறம்,
அதற்குக் கீழே வேறொரு பச்சை.
அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மொன்டானாவில் ஆகஸ்டுப் புல்
உரசினால் போதும்.
தீயணைப்பு வண்டி வர நாற்பது மைல்.
ஆகவே அதன் முதுகில்
எண்ணூறு கேலன் தண்ணீர்த் தொட்டி ஏற்றினேன்.
ஸ்டியரிங்கில் சங்கிலி சுற்றிப் பூட்டினேன்,
திருடனுக்காக அல்ல,
பக்கத்து நிலத்து ஆர்வில் ஹாக்ஸ்டாடுக்காக.
பதினோரு அடி வேலித் தகராறு.
ஒன்பது வருடமாய்
தபால் பெட்டியருகே எதிர்ப்பட்டால்
இருவரும் வானத்தில் மழை தேடுவோம்.

ஜூலைக் கடைசியில்
பின் சக்கரத்தடியில் ஒரு ஈர வட்டம்.
இந்த வண்டியில் ஒரு சிலிண்டர் ஒழுகினால்
ஆறு இடத்திலும் பிரேக் போய்விடும்.
பெடல் தரையைத் தொட்டது.
கைப்பிரேக் ஏப்ரலிலேயே செத்திருந்தது.

ஃபார்கோவில் ஒருவன்
இடது பக்கத்துக்கு மட்டும் இருக்கிறது என்றான்.
டெக்ஸாஸ்காரன் போனையே எடுக்கவில்லை.
ஐடஹோவில் வெர்லின் ஸ்கூக் எடுத்தார்.
"பெயர் வேண்டாம், எண்ணைச் சொல்."
பதிமூன்று இலக்கம் படித்தேன்.
"அது புது எண். பழையதைச் சொல்."
பதினொன்று படித்தேன்.
மறுமுனையில் தகரம் உருளும் சத்தம்,
ஒரு நாயை அதட்டும் சத்தம்,
பிறகு: "இருக்கு. ஒன்றே ஒன்று. நேரில் வா."

பிரேக் இல்லாத லாரியை எவன் எடுப்பான்?
சங்கிலியைப் பூட்டாமலே கிளம்பினேன்.

மெழுகுத் தாளில் சுற்றி,
கெட்டித் தேன் போன்ற கிரீஸில் புதைத்து,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது, மார்ச்
என்று முத்திரை குத்தியிருந்தது.
அப்போது நான் மூன்றாம் வகுப்பு.
எந்தப் போருக்கோ கட்டி
எந்தப் போருக்கும் போகாமல்
ஒரு கொட்டகையில் கிடந்திருக்கிறது.
"உள்ளே ரப்பரை மட்டும் மாற்று,"
என்றார் வெர்லின்,
"அது நம்மைப் போலத்தான், வளையாது."

திரும்பும் வழியில்
என் வாசலுக்கு ஆறு மைல் முன்பே
புகை வாடை.

வடக்கு வயல் கறுத்துக் கிடந்தது.
கறுப்பு ஓடிவந்து
வீட்டுக்கு இருநூறு கஜத்தில்
ஈரச் சேறாக நின்றிருந்தது.
லாரி, மூக்கை என் வைக்கோல் போரில் நுழைத்தபடி.
படியில் உட்கார்ந்திருந்தான் ஆர்வில்.
ஒரு புருவம் இல்லை.

"பிரேக் இல்லை," என்றான்.
"தெரியும்."
"ஒரு சீட்டாவது எழுதி ஒட்டியிருக்கலாம், லோர்னா."

முதல் கியரிலேயே ஓட்டியிருக்கிறான்.
இஞ்சினை அணைக்கும் கம்பியை இழுத்தும்
நிற்காமல் போனதாம்,
சரிவு முடிகிற இடம்வரை.
வைக்கோலுக்கு எவ்வளவு என்று கேட்டான்.
நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.
இருந்த ஒரே டம்ளரில்.

மறுநாள் லாரிக்கடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
புது சிலிண்டர் உட்கார்ந்துவிட்டது.
குழாய்க்குள் மாட்டிய காற்றை வெளியேற்ற
கீழே ஒரு ஆள், பெடலில் ஒரு ஆள் வேண்டும்.
தனியாய் முடியாது. முயன்று பார்த்திருக்கிறேன்.

"அமுக்கு."
"அமுக்கிட்டேன்."
"விடாதே."
குமிழி, குமிழி, பிறகு எண்ணெய்.
"இப்போ விடு."

வேலி அங்கேயேதான் இருக்கிறது.
இன்னும் ஐந்து சக்கரம் பாக்கி.

"அமுக்கு."